கீரி மாசிலாமணி ஜிபிஎஸ் வாங்கிய கதை

ஒரு காட்டில் ஒரு கீரி இருந்தது. எந்தக் காடு என்று கேட்காதீர்கள். கேட்டால் அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் சொல்ல வேண்டிவரும். அந்த எண்களால் ஒரு காடே பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன்.

கீரியின் பெயர் மாசிலாமணி. பெயர் வைத்த பிறகு 'அது' என்றால் மரியாதையில்லை. 'அவன்' என்றே சொல்கிறேன். மனைவி தையல்நாயகி, மகள் தேன்மொழி, குடியிருக்க முன்வாசலும் பின்வாசலும் உள்ள ஒரு வளை. வீரத்திலும் குறைவில்லை. நாகப்பாம்பின் முகத்துக்கு நேரே பல்லைக் காட்டியவன். ஆனால் கடைக்குள் கால் வைத்தால் மட்டும் அவன் புத்தி வெளியே செருப்போடு நின்றுவிடும்.

போன ஆடித் தள்ளுபடியில் ஒரு சூரிய ஒளி விளக்கு வாங்கினான். அது நல்ல வெயிலில் மட்டும் பிரகாசமாக எரிந்தது. அதற்கு முன்னால் ஒரு குடை. தூறல் விழுந்தால் தானாக மூடிக்கொள்ளும். அதற்கும் முன்னால் வாங்கிய தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் இன்றைக்கும் வளையின் மூலையில் இருக்கிறது. தேன்மொழி அதன்மேல் ஏறி நின்றுதான் பரணில் இருக்கும் எலிவற்றலை எடுக்கிறாள்.

இந்த மூன்றையும் வாங்கும்போது "வேண்டாம் மச்சான்" என்று சொன்னவன் தர்மலிங்கம். தையல்நாயகியின் தம்பி. எதை வாங்கினாலும் கூடவே வரும் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிப்பவன். சொன்னதோடு நிறுத்தினால் பரவாயில்லை. பொருள் கெட்டுப்போன பிறகு வந்து, "நான் அப்பவே சொன்னேனே மச்சான்" என்று மெதுவாக, சிரிக்காமல் சொல்வான். நாகப்பாம்பின் சீற்றம்கூட மாசிலாமணிக்கு இவ்வளவு வலித்ததில்லை.

அந்த வருஷம் காட்டுக்கு ஜியோகேச்சிங் வந்தது. பிறந்தநாள் கேக் எப்படி வந்ததோ அப்படித்தான் இதுவும் வந்தது. பெயரைச் சொல்லிச் சொல்லி நாலைந்து பேருக்கு நாக்கு பிடித்துக்கொண்டதால் 'பெட்டி வேட்டை' என்று மாற்றிக்கொண்டார்கள். ஆட்டம் சுலபம். ஒருவர் ஒரு பெட்டியை எங்காவது ஒளித்துவைப்பார். அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை எண்களை ஆலமரத்தில் ஒட்டுவார். மற்றவர்கள் குடும்பம் குடும்பமாக, கையடக்க ஜிபிஎஸ் கருவியில் அந்த எண்களைப் போட்டுக்கொண்டு தேடிப் போக வேண்டும். பெட்டிக்குள் ஒரு நோட்டு இருக்கும்; கண்டுபிடித்தவர்கள் அதில் பெயர் எழுத வேண்டும். உள்ளே இருக்கும் சின்னச் சாமான் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், பதிலுக்கு ஒன்றை வைத்துவிட்டு வர வேண்டும்.

மோப்பம் பிடிக்கக் கூடாது. இதுதான் முதல் விதி. 'கருவியெல்லாம் எதற்கு, மூக்கு இருக்கிறதே' என்று முடியப்போகிற கதை என்று உட்கார்ந்திருப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். ஒரே ஒரு தடவை மூக்கைத் தூக்கிய மரநாயைப் பெட்டி வேட்டைச் சங்கத்தைவிட்டே நீக்கிவிட்டார்கள்.

ஒளித்துவைக்கும் பொறுப்பு சங்கச் செயலாளர் ஆமை சிவஞானத்துக்கு. நேர்மையானவர். பெட்டியை முதுகில் சுமந்துபோய் வைத்துவிட்டுத் திரும்பி வர அவருக்கு ஒன்பது நாள் ஆயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேடல் என்று ஆலமரத்தில் நோட்டீஸ் ஒட்டப்பட்டது.

"எல்லாரும் போறாங்கப்பா. நாமளும் போலாம்ப்பா" என்றாள் தேன்மொழி.

"போலாம்டா கண்ணு. நாளைக்கே போய் ஜிபிஎஸ் வாங்கிடறேன்" என்றான் மாசிலாமணி.

தையல்நாயகி சட்டியை இறக்கி வைத்தாள். "கருவியை என் தம்பி வாங்கட்டும்."

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

"கை இருக்குங்க. அதுதான் பயமா இருக்கு."

மாசிலாமணியின் முகம் சுருங்கியதைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது. "சரி, நீங்களே வாங்குங்க. ஆனா இதுதான் கடைசி. இதுவும் சொதப்புச்சுன்னா, அப்புறம் இந்த வளைக்கு உப்பு வாங்கறதா இருந்தாலும் தர்மலிங்கம்தான் பார்த்து வாங்குவான். நீங்க பையை மட்டும் தூக்கிட்டு அவன் பின்னாடி வரணும்."

மாசிலாமணி தலையை ஆட்டினான். மைத்துனன் பார்த்து வாங்கிய உப்பைப் போட்டுச் சாப்பிடும் நாளை அவனால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

நம் ஊர் வழக்கப்படி, ஒன்றை வாங்குவதற்கு முன் அதை ஏற்கெனவே வாங்கியவரிடம் போய்க் கேட்க வேண்டும். மாசிலாமணி கரடி வேலாயுதத்திடம் போனான். கரடியார் காட்டில் பெரிய மனிதர், அதாவது பெரிய கரடி. அவர் ஒரு ஜிபிஎஸ் வாங்கி மாதம் ஒன்று ஆகியிருந்தது.

"எப்படிங்கண்ணே இருக்கு?"

"கண்ணை மூடிக்கிட்டு வாங்கு தம்பி" என்றார் கரடியார்.

வாங்கிய எவனும், வாங்கிய பொருளைக் குறை சொன்னதாகச் சரித்திரம் இல்லை. குறை சொன்னால், அப்புறம் ஏன் வாங்கினாய் என்று கேட்பார்களே.

புற்றுக்குள் கடை வைத்திருந்தவன் உடும்பு குமரேசன். வாடிக்கையாளர் கடைவாசலை எட்டிப் பார்த்தால் போதும், பிடித்த பிடியை விடமாட்டான். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருக்கும்போது கீரிக் குடும்பம், தர்மலிங்கம் உட்பட, அவன் கடைக்குள் நுழைந்தது.

குமரேசன் இரண்டு கருவிகளை எடுத்து வைத்தான். ஒன்று மஞ்சள் நிறத்தில், கட்டையாக, அவித்த பனங்கிழங்குத் துண்டு மாதிரி இருந்தது. சின்னத் திரை, பக்கவாட்டில் பித்தான்கள். இன்னொன்று கன்னங்கரேலென்று, மூஞ்சி அகலத்துக்குப் பளபளவென்று இருந்தது. தொட்டால் திரை நகரும்.

தர்மலிங்கம் மஞ்சளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது சாதாரண பேட்டரில ஓடும் மச்சான். தீர்ந்து போனா மாத்திக்கலாம். தண்ணில விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது. பித்தான் இருக்கறதால ஈரக் கையோட அழுத்தலாம். மரம் அடர்ந்த இடத்துல இதுதான் நல்லா சிக்னல் பிடிக்குமாம்."

"அது எப்படி இருக்குன்னு பார்த்தியா மாப்ள? நாலு பேர் முன்னாடி கையில வெச்சுக்கற மாதிரியா இருக்கு?"

"பெட்டியைத் தேடப் போறோமா, பொண்ணு பார்க்கப் போறோமா?" என்றாள் தையல்நாயகி.

குமரேசன் அந்தச் சமயம் பார்த்துக் கறுப்புக் கருவியைத் தட்டினான். அதில் வானிலை வந்தது. நடந்த காலடி எண்ணிக்கை வந்தது. நான்கு கால்களுக்கும் தனித்தனியாக வந்தது. பிறகு சுப்ரபாதம் பாடியது.

"இதுதான் சார் கரடியார் வீட்டுல. முயல், முள்ளம்பன்றி, காட்டுப்பன்றின்னு ஆறு குடும்பம் எடுத்துட்டாங்க. இதோட ஒரு ஹாட்பாக்ஸ் இலவசம்."

ஹாட்பாக்ஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் மாசிலாமணியின் புத்தி செருப்பு போட்டுக்கொண்டு வீட்டுக்கே கிளம்பிவிட்டது. கறுப்பை வாங்கினான். விலை என்ன என்பதை நான் இங்கே எழுதினால் தையல்நாயகிக்குத் தெரிந்துவிடும். தர்மலிங்கம் தான் சேர்த்து வைத்திருந்ததைக் கொடுத்து மஞ்சளை வாங்கிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை தானும் கூட வருவதாகச் சொன்னான். அது மாசிலாமணியின் காதில் சங்கு ஊதியதுபோல் விழுந்தது.

குமரேசன் கறுப்புக் கருவியை முதல்முறை உயிர்ப்பித்துக் கொடுத்தான். அது வரிசையாகக் கேள்விகள் கேட்டது. எந்த மொழி, எந்த நேரம், எந்த வரைபடக் கணக்கு என்று. குமரேசன் எதையும் படிக்காமல் எல்லாவற்றுக்கும் 'சரி', 'சரி' என்று அழுத்தினான். இதில் அந்தக் கடைசி 'சரி' சரியில்லை. அதனால் கருவி எப்போதும் இருநூறு தப்படி மேற்கே தள்ளிக் காட்டும். இதே 'சரி'யைத்தான் அவன் மற்ற ஆறு கருவியிலும் அழுத்தியிருந்தான். இது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த சங்கதி.

வீட்டில் கருவிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். திரைமேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்கப்போன தேன்மொழியின் கையில் ஒரு தட்டு விழுந்தது. "புதுசுடா! அது அப்படியே இருக்கட்டும்."

சனிக்கிழமை காலை, விறகு பொறுக்கிவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டு மாசிலாமணி தனியாக ஒரு வெள்ளோட்டம் போனான். எண்களைப் போட்டான். கருவி அழகாக வழிகாட்டியது. ஓடையைத் தாண்டு என்றது, தாண்டினான். திரும்பு என்றது, திரும்பினான். ஒரு பெரிய வேங்கை மரத்தடியில் 'வந்து சேர்ந்துவிட்டீர்கள், வாழ்த்துகள்' என்று சொல்லி ஒரு நாதஸ்வரம் வாசித்தது.

பெட்டி இல்லை. வேரடியில் பார்த்தான், புதரில் பார்த்தான், மரத்தைச் சுற்றிப் பதினாறு தடவை வந்தான். கருவியை அணைத்துப் போட்டான். மறுபடி வாழ்த்துகள், மறுபடி நாதஸ்வரம்.

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. பெட்டிக்காக அல்ல. நாளைக்கு இதே இடத்தில் தேன்மொழி தன்னை நிமிர்ந்து பார்ப்பாள். தையல்நாயகி பார்க்கவே மாட்டாள். தர்மலிங்கம் மெதுவாகத் தொண்டையைச் செருமுவான். அதற்கப்புறம் ஆயுசு முழுக்க உப்புப் பையைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் நடக்க வேண்டும்.

கருவி தப்பு என்று இன்றைக்கே வீட்டில் சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு நல்லெண்ணம் எட்டிப் பார்த்தது. மாசிலாமணி அதையும் நாகப்பாம்பை விரட்டியதுபோலவே விரட்டிவிட்டான்.

வளைக்கு ஓடினான். பிரிக்காமல் பரணில் கிடந்த இலவச ஹாட்பாக்ஸை எடுத்தான். உள்ளே ஒரு பழைய நோட்டு, ஒரு சோழி, கையில் அகப்பட்ட இரண்டு சில்லறைச் சாமான். தூக்கிக்கொண்டு வேங்கை மரத்துக்குத் திரும்பும் வழியில் கரடியார் எதிரே வந்தார். வெறும் கையை வீசிக்கொண்டு, மண் ஒட்டிய முழங்காலோடு வந்தார்.

"என்னண்ணே, இந்தப் பக்கம்?"

"சும்மா, காத்து வாங்கலாம்னு. நீ?"

"நானும் காத்துதாண்ணே."

இருவரும் ஒருவர் முழங்காலையும் ஒருவர் கையில் இருந்த பெட்டியையும் பார்க்காமல் பிரிந்தார்கள். மாசிலாமணி ஹாட்பாக்ஸை வேங்கை மரப் பொந்தில் செருகி, சருகு போட்டு மூடினான். அன்று அவன் நன்றாகத் தூங்கினான்.

ஞாயிறு விடிந்தது. கீரிக் குடும்பம் கிளம்பியது. மாசிலாமணி கறுப்பை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு முன்னால் போனான். ஓடையைத் தாண்டியதும் தர்மலிங்கம் நின்றான்.

"மச்சான், என்னோடது அந்தப் பாறைப் பக்கம் காட்டுது."

"உன்னோடது அப்படித்தான் காட்டும்" என்றான் மாசிலாமணி.

தர்மலிங்கம் பாறைப் பக்கம் பிரிந்து போனான். மற்றவர்கள் வேங்கை மரத்துக்கு வந்தார்கள். அங்கே ஏற்கெனவே திருவிழாக் கூட்டம். கரடி, முயல், முள்ளம்பன்றி, காட்டுப்பன்றி, மான், மயில் என்று ஆறு குடும்பம். ஆறு கருவியும் நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தன. இவனுடையதும் சேர்ந்துகொண்டது.

"அப்பா! இங்க ஒண்ணு!" தேன்மொழி பொந்திலிருந்து ஹாட்பாக்ஸை இழுத்தாள். மாசிலாமணிக்கு அப்போது வந்த மகிழ்ச்சி உண்மையான மகிழ்ச்சி. தானே வைத்தது என்பதே மறந்துபோயிற்று.

"இங்க இன்னொண்ணு!" என்று முயல் குட்டி வேரடியிலிருந்து கத்தியது. அதுவும் ஹாட்பாக்ஸ். முள்ளம்பன்றி மகன் புதரிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தான். மயில் கிளையிலிருந்து ஒன்றை இறக்கியது. கரடிக் குட்டி ஒரு குழியிலிருந்து தோண்டி எடுத்தது. மொத்தம் ஏழு. ஏழும் ஒரே நிறம், ஒரே அளவு. ஏழின் மூடியிலும் 'உடும்பு குமரேசன் கடை, வாடிக்கையாளருக்கு அன்புடன்' என்று எழுதியிருந்தது.

ஏழு அப்பாக்களும் ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்தார்கள். வானத்தில் ஒன்றும் இல்லை. ஏழு அம்மாக்களும் அப்பாக்களைப் பார்த்தார்கள்.

குட்டிகளுக்கு மட்டும் தலைகால் புரியவில்லை. ஒரு பெட்டி தேடி வந்த இடத்தில் ஏழு பெட்டி! எல்லா நோட்டிலும் பெயர் எழுதினார்கள். எல்லாச் சாமானையும் மாற்றி மாற்றி எடுத்தார்கள். தேன்மொழி அப்பாவின் வாலைப் பிடித்துக்கொண்டு, "நம்ம கருவிதான்ப்பா சூப்பர்" என்று குதித்தாள்.

அந்த நேரத்தில் தர்மலிங்கம் பாறைப் பக்கமிருந்து வந்தான். கையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. மூடியில் 'பெட்டி வேட்டைச் சங்கம். வைத்தவர்: சிவஞானம், செயலாளர்' என்று முத்து முத்தான கையெழுத்து. உள்ளே இருந்த நோட்டில் ஒரு பெயரும் எழுதப்படவில்லை.

"அசல் பெட்டி இதுதான்" என்றான். "பாறை இடுக்குல இருந்துச்சு."

மாசிலாமணியின் காதில் உப்புப் பையின் சரசரப்பு கேட்டது. ஆனால் முதலில் வாயைத் திறந்தது கரடியார்.

"தம்பி, இங்க ஏழு கருவி இருக்கு. ஏழும் இந்த இடத்தைத்தான் காட்டுது. உன்னோடது ஒண்ணு மட்டும் வேற எங்கயோ காட்டுது. அப்ப எது ரிப்பேர்?"

"இதுல ஐயாவோட கையெழுத்து இருக்குங்களே..."

"கையெழுத்து இருந்துட்டாப் போதுமா? பெட்டி எங்க அதிகமா இருக்குன்னு பாரு."

மற்ற ஐந்து அப்பாக்களும் தலையை ஆட்டினார்கள். மாசிலாமணியும் ஆட்டினான். கொஞ்சம் வேகமாகவே ஆட்டினான்.

வேட்டையைப் பார்வையிடப் புதன்கிழமையே புறப்பட்டிருந்த ஆமை சிவஞானம் அப்போதுதான் அந்த வழியாக வந்து சேர்ந்தார். கூட்டத்தைப் பார்த்து நின்றார்.

"ஐயாவே வந்துட்டார்" என்றான் தர்மலிங்கம். அவன் குரலில் அழுகையும் நம்பிக்கையும் கலந்திருந்தன. "ஐயா, நீங்கதானே வெச்சீங்க. எங்க வெச்சீங்கன்னு சொல்லுங்கய்யா."

ஆமையார் பிஸ்கட் டப்பாவைப் பார்த்தார். ஏழு ஹாட்பாக்ஸைப் பார்த்தார். ஏழு குடும்பத்தைப் பார்த்தார். குட்டிகளின் சந்தோஷத்தைப் பார்த்தார். ஒவ்வொன்றையும் பார்க்க அவருக்கு நேரம் பிடித்தது. பிறகு தலையை ஓட்டுக்குள் இழுத்து யோசித்தார். வெளியே வந்தபோது அவர் முகம் தொங்கிப்போயிருந்தது.

"பாறைல வெச்ச மாதிரிதான் ஞாபகம்" என்றார். "ஆனா இத்தனை குடும்பம், இத்தனை கருவி, எல்லாம் ஒரே இடத்துக்கு வந்திருக்குன்னா... நான்தான் எங்கயோ தப்பாத் திரும்பிட்டேன் போலிருக்கு. வயசாயிடுச்சு. எல்லாரும் என்னை மன்னிக்கணும்."

கரடியார் பெருந்தன்மையாக மன்னித்தார். ஆமையார் தன் பிஸ்கட் டப்பாவை வாங்கி, ஏழு ஹாட்பாக்ஸுக்குப் பக்கத்தில் எட்டாவதாக, பணிவாக வைத்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

தர்மலிங்கம் தன் மஞ்சள் கருவியை ஒரு தடவை உதறினான். உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினான். பிறகு அக்காவைப் பார்த்தான். தையல்நாயகிக்குப் பெற்ற வயிறு போலத் துடித்தது. தூக்கி வளர்த்த தம்பி. உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தாள். தேன்மொழி இன்னும் அப்பாவின் வாலைப் பிடித்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தாள். தையல்நாயகி வாயை மூடிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து மகளைத் தூங்கவைத்த பிறகுதான் பேசினாள்.

"அந்தப் பொந்துல இருந்த பெட்டிக்குள்ள என் ஹேர்பின் கிடந்துச்சுங்க. நேத்துலருந்து தேடிட்டிருந்தேன்."

மாசிலாமணி மயிர் சிலிர்த்து இரண்டு மடங்கு பெரியவனாகத் தெரிந்தான். ஆனால் உள்ளே அவன் சுண்டெலியாகிப்போனான். "தையலு, அது வந்து..."

"வராது, விடுங்க. ஊருக்கு முன்னாடி உங்க கருவிதான் ஜெயிச்சது. இனிமேலும் எல்லாத்தையும் நீங்களே வாங்கலாம். என் தம்பி வரமாட்டான்."

"நிஜமாவா?"

"நிஜமா. நான் எதைக் காட்டறேனோ அதைத் தேர்ந்தெடுக்கறது உங்க உரிமை. அதுல யாரும் தலையிட முடியாது."

மாசிலாமணி நிம்மதியாக மூச்சு விட்டான். விட்டு முடித்த பிறகுதான் அவள் சொன்னது அவனுக்குப் புரிந்தது.

தர்மலிங்கம் அந்த வாரம் முழுக்கத் தன் கையேட்டை மறுபடி மறுபடி படித்தான். புதன்கிழமை, முப்பத்தெட்டாம் பக்கத்தில், வரைபடக் கணக்கு என்ற பகுதிக்கு வந்தான். எல்லாம் விளங்கிவிட்டது. ஏழு கருவியிலும் ஒரே ஒரு பித்தானை மாற்றி அழுத்தினால் போதும், காடு முழுக்கச் சரியாகிவிடும். அவன் எழுந்தான், கரடியார் வீடுவரை போனான். வாசலில் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு அங்கேயே உட்கார்ந்து, தன் கருவியில் அந்தப் பித்தானை மாற்றி அழுத்தினான். மஞ்சள் கருவியின் முள் மெல்ல நகர்ந்து, இருநூறு தப்படி மேற்கே போய் நின்றது.

சத்தம் கேட்டு வெளியே வந்த கரடியார் அதை வாங்கிப் பார்த்தார். தர்மலிங்கத்தின் தோளில் கை போட்டார்.

"இப்பத்தான் தம்பி உன் கருவி சரியாச்சு. உள்ள வா, காப்பி சாப்பிடலாம்."

நீதி: தனியாக வழி தவறாதீர்கள், அசிங்கமாகிவிடும். ஏழு குடும்பமாகத் தவறினால், பெட்டி வைத்தவரே வந்து மன்னிப்புக் கேட்பார்.